பெரட்டில் ஏழாவதாக நின்றேன்

போன வாரம் பிரியா போன் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் நான் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்த கதிரையில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

“மிஸ், டேப்லெட் வந்திருச்சு. முகப் பரிசோதனை, ஞாபகப் பரிசோதனை எல்லாம் அதுக்குள்ளேயே இருக்கு. ஆளுங்க விரலால தொட்டாப் போதும், புள்ளியை அதுவே போட்டுடும்.”

“நேரத்தையும் குறிக்குமா?”

“ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை செக்கன்னு தனித்தனியா குறிக்கும் மிஸ்.”

நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் கையில் தேங்காய்ப் பாதியோடு குசினியிலிருந்து ஓடி வந்தார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று நினைத்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம்தான். அந்த நேரக் கணக்கு மட்டும் அன்று என் கையில் இருந்திருந்தால், முத்துவேல் கங்காணியைப் பொய்யர் என்று நான் எழுதியிருக்க மாட்டேன். இதைச் சொன்னதும் பிரியா பிடித்துக்கொண்டாள். “அப்போ அதையே எழுதித் தாங்க மிஸ், புதுசா வர்றவங்களுக்குக் குடுக்கலாம்” என்றாள். ஓய்வு பெற்றவளிடம் யாராவது எழுதச் சொன்னால் விடுவேனா? அன்றைக்கே கொப்பி வாங்கிவிட்டேன்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் சொந்த அண்ணனுக்கே அது இன்னும் விளங்கவில்லை. நான் வளர்ந்தவர்களுக்கான நரம்பு உளவியலாளர். பாரிசவாதம் வந்தவர், லொறியிலிருந்து விழுந்து தலை அடிபட்டவர், வலிப்பு வருபவர், மறதி கூடிக்கொண்டே போகிறவர் எல்லோரும் என்னிடம் வருவார்கள். மூளையின் படத்தை டொக்டர் பார்ப்பார். அந்த மூளையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் எப்படிச் சட்டைப் பொத்தான் போடுகிறார், எப்படி மிச்சக்காசு எண்ணுகிறார், கோபம் வந்தால் எப்படி அடக்குகிறார் என்று நான் பார்ப்பேன். எது போய்விட்டது, எது மிச்சம், மிச்சத்தை வைத்து எப்படி வாழ்வது. இவ்வளவுதான் என் வேலை. டொக்டர் என்று யாராவது கூப்பிட்டால் இல்லை என்பேன். அதனால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எனக்கு “டீச்சர்” என்று பேர் வைத்துவிட்டார்கள். கடைசிவரை அதுதான் நிலைத்தது.

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா பேக்டரியில் வேலை. கொழும்பில் பட்டம், வெளிநாட்டில் இரண்டு வருடம் பயிற்சி, நடுவில் நிறைய அழுகை, அப்புறம் பதுளை. படிப்புக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. குளிரும் பரீட்சையும்தான்.

வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பரிசோதனைகள் கொண்டுவந்தேன். முதல் மாதமே மானம் போயிற்று. நீர்நாய் படம் ஒன்றைக் காட்டி இது என்ன என்று தேயிலைச் செடி வெட்டும் ஒரு கவ்வாத்துக்காரரிடம் கேட்டேன். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, “அணில்தாங்க, நல்லாத் தின்னுருக்கு” என்றார். பெயர் சொல்லத் தெரியவில்லை என்று புள்ளி வெட்ட வேண்டுமாம். நான் வெட்டவில்லை. அன்றைக்கே அந்தப் படங்களைக் கட்டி வைத்துவிட்டு, கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, ரொட்டிக்கல் என்று என் கையாலேயே வரைய ஆரம்பித்தேன். அது எனக்குப் பெரிய பெருமையாகப் போயிற்று. என் ஆட்களை எனக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரியும் என்று தலை கொஞ்சம் வீங்கியே இருந்தது. பின்னால் வழுக்கியதும் அதே பெருமையில்தான்.

எனக்கு மேலே இருந்தவர் நரம்பியல் டொக்டர். சிங்களவர், மாத்தறைப் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், ஆனால் வினைச்சொல்லை எங்கே வைப்பதென்று ஒவ்வொரு முறையும் யோசிப்பார். நாங்கள் எல்லோரும் அவரை சேர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நான் எழுதிய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போவார். மறுநாள் மேசையில் அது திரும்பி வந்திருக்கும். பிழை இருந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருப்பார். அவ்வளவுதான், என்ன பிழை என்று சொல்ல மாட்டார். நானே கண்டுபிடித்துத் திருத்திக் கொண்டுபோனால், சட்டைப் பையிலிருந்து அழிறப்பரை எடுத்து அந்தப் புள்ளியைத் தானே அழிப்பார். அந்த அழிப்புக்காக நான் பசியைக்கூட மறந்து வேலை செய்திருக்கிறேன்.

இனி கங்காணிக்கு வருகிறேன். பேர்களை மாற்றியிருக்கிறேன், எழுதுவதற்குச் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

முத்துவேலுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பூனாகலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்துக் கங்காணி. எழுபது பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். ஒருநாள் மனைவி சரோஜாவோடு பண்டாரவளைக்கு வந்திருக்கிறார். சரோஜா பச்சைச் சேலை கட்டியிருந்தார். இவரை பஸ் நிலையத்தில் நிற்கச் சொல்லிவிட்டு மருந்துக்கடைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பச்சைச் சேலை கடையை விட்டு வெளியே வந்தது. முத்துவேல் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, “வா, பஸ் வந்திருச்சு” என்று இழுத்தார். அது சரோஜா இல்லை. தையற்கடையில் வேலை செய்யும் ஒரு இளம்பெண். அவள் கத்தினாள். ஆட்கள் கூடி அடித்தார்கள், பொலிஸ் வந்தது, வழக்காயிற்று.

பெண்ணின் கையைப் பிடித்தவன் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. சரோஜா அன்றைக்கே மொனராகலைப் பக்கம் இறப்பர்த் தோட்டத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். முகம் அடையாளம் தெரியவில்லை என்று முத்துவேல் நீதிமன்றத்தில் சொன்னார். அது உண்மையா என்று நீதவான் எங்கள் ஆஸ்பத்திரியிடம் அறிக்கை கேட்டார். அறிக்கை எதிராகப் போனால் மனிதர் பேரையும் வேலையையும் மனைவியையும் ஒன்றாக இழப்பார். ஸ்கேனுக்கு நாள் கிடைக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதுவரை எல்லாம் என் மேசையில்தான்.

மூன்று நாள் அவரோடு உட்கார்ந்தேன். கூச்சமான மனிதர், தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டே பேசுவார்.

“எப்பத்திலிருந்து இப்படி?”

“நாலு மாசமா இருக்கும் டீச்சர். ஒரு நாள் தலை பொளக்குற மாதிரி வலிச்சு விழுந்துட்டேன். பிரஷர்னு மாத்திரை குடுத்தாங்க. அதுக்கப்புறந்தான்.”

“அந்தப் பொண்ணு உங்க சம்சாரம் இல்லைன்னு எப்பத் தெரிஞ்சுது?”

“அது கத்தினப்போங்க. கத்தினதும் கையை விட்டுட்டேன்.”

இதை அப்படியே எழுதிக்கொண்டேன். எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை.

ஊரறிந்தவர்களின் படங்கள் இருபதைக் காட்டினேன். நடிகர்கள், மந்திரிகள், கிரிக்கெட்காரர்கள். ஒன்றுகூடத் தெரியவில்லை என்றார். இருபதில் இருபதும் தெரியாமல் போவது எனக்கு இடித்தது. பிறகு இன்னொரு பரிசோதனை. மேலே ஒரு முகம், கீழே ஆறு முகம், அதே ஆள் எதில் இருக்கிறார் என்று காட்ட வேண்டும். அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகக் காட்டினார். முகம் தெரியாது என்பவருக்கு இது மட்டும் எப்படித் தெரிகிறது?

இங்கேதான் அந்த நேரக் கணக்கு. நான் மேசையில் கடிகாரம் வைப்பதில்லை. கடிகாரத்தைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கொழுந்து நிறுக்கும் தராசுக்கு முன்னால் நிற்கிற பயம் வந்துவிடும். அதனால் நேரம் பார்ப்பதையே விட்டிருந்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் அவர் ஒவ்வொரு படத்துக்கும் புருவத்தைப் பார்த்து, பிறகு காதைப் பார்த்து, பிறகு தலைமயிர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, கணக்குப் போடுவதுபோல் விடை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். நமக்கு ஒரு பார்வையில் முடிகிற காரியம் அது. நான் அதைப் பொறுமை என்று நினைத்தேன்.

கடைசியாக, தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தினமும் காலை ஆட்கள் கூடும் பெரட்டில் எழுபது பேரையும் கங்காணி ஒரு பிழையில்லாமல் அடையாளம் கண்டு வேலைக்கு அனுப்புகிறார் என்று எழுதியிருந்தது. அவரிடமே கேட்டேன்.

“பெரட்டுல ஒரு பிரச்சினையும் இல்லைங்க டீச்சர்” என்று அவசரமாகச் சொன்னார்.

இன்னும் என்ன வேண்டும்? எழுபது பேரைத் தெரிகிறவருக்குக் கட்டின மனைவியைத் தெரியாதாம். எனக்குக் கோபமே வந்தது. நோய் இருப்பதாக நடிக்கிறார் என்று நாலு பக்கம் எழுதி சேரின் மேசைத் தட்டில் வைத்தேன். அந்தத் தையற்கடைப் பெண்ணுக்கு நியாயம் செய்துவிட்டேன் என்ற திருப்தி வேறு.

மறுநாள் ரிப்போர்ட் திரும்பி வந்தது. நாலு பக்கத்திலும் ஒரே ஒரு புள்ளி. பெரட்டு வரிக்குப் பக்கத்தில்.

வாழ்க்கையில் முதல் தடவையாகப் புள்ளியைப் பற்றிச் சண்டை பிடிக்கப் போனேன். “சேர், பெரட்டு எனக்குத் தெரியாததா? நான் லயத்தில் பிறந்தவள். காலையில் ஆட்கள் கூடுவார்கள், பேர் கூப்பிடுவார்கள், யார் எந்த மலைக்கு என்று பிரிப்பார்கள். இதில் பார்க்க என்ன இருக்கிறது?”

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நான் பெரட்டு ஒரு நாளும் பார்த்தது இல்லை. அதனால் எனக்குத் தெரியாது. நீங்க கடைசியாய்ப் பார்த்தது எப்போ?”

எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடம் போகிற வழியில். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, விடிந்தும் விடியாத நேரத்தில் தோட்டத்துப் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் நின்றேன். மூடுபனி. பெண்கள் தலைக்குத் துணி, இடுப்புக்குப் படங்குச் சாக்கு, முதுகில் கூடை என்று ஒரே அச்சாக வந்து சேர்ந்தார்கள். யாரும் சொல்லாமலே ஒவ்வொருத்தியும் தன் இடத்தில் போய் நின்றாள். முத்துவேல் பேர்ப் புத்தகத்தைத் திறந்தார்.

“மாரியாயி.”

“வந்துட்டேன் கங்காணி.”

“பத்தாம் நம்பர் மலை. லெட்சுமி.”

“இருக்கேங்க.”

மனிதர் புத்தகத்தை விட்டுத் தலையையே தூக்கவில்லை. எழுபது பேரில் ஒருத்தியின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையே இல்லை. பேரைச் சொன்னால் குரல் வருகிறது, குரல் அதே இடத்திலிருந்து வருகிறது. பிழையே வராது. இதே மாதிரிக் களத்தைத் தினமும் தாண்டிப் போய்ப் படித்தவள் நான், எனக்கு இது தெரியாமலா இருந்தது? தெரிந்தது. நன்றாகத் தெரிந்ததால்தான் போய்ப் பார்க்காமல் விட்டேன். அந்தக் குளிரில் எனக்கு வேர்த்துவிட்டது. வெட்கத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. அப்படியே குதிக்கலாம்போல் இருந்தது.

அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். மனதில் வந்த பரிசோதனையைச் சொன்னேன். பெண்களுக்கும் விஷயம் தெரிந்துவிடும், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றேன். தொப்பியைத் திருகினார்.

“கங்காணி வேலை போயிருமோன்னுதாங்க பெரட்டு சங்கதியைச் சொல்லாம இருந்தேன். பரவால்ல. கோர்ட்டுல நிக்கிறதுக்கு எங்க ஆளுங்க முன்னால நிக்கலாம்.”

பெண்களிடமும் கேட்டேன். பத்துப் பேர் முன்வந்தார்கள். கங்காணியைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அவர்களை இடம் மாற்றினேன். கூடையையும் வளையலையும் கழற்ற வைத்தேன். பேசக்கூடாது, இருமக்கூடாது, நடக்கக்கூடாது. பிறகு அவர் திரும்பி, ஒவ்வொருத்தியாகப் பார்த்துப் பேர் சொல்ல வேண்டும். இந்தத் தடவை மறக்காமல் கடிகாரத்தைக் கையில் பிடித்தேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. நடிக்கிறவர் இங்கேயும் நடிக்கலாம். பத்துப் பேரையும் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லலாம். அப்போதுதான் அந்தக் குறும்பு தோன்றியது. அவர் இன்னும் திரும்பி நிற்கும்போதே ஒரு பெண்ணைச் சைகையால் வெளியே கூப்பிட்டு, கடிகாரத்தை அவள் கையில் கொடுத்தேன். அவளுடைய தலைத் துணியையும் படங்கையும் வாங்கிக் கட்டிக்கொண்டு ஏழாவதாக நானே போய் நின்றேன். தலைத் துணியைக் கட்ட என் கை மறந்திருக்கவில்லை.

முதல் ஆளைப் பார்த்து “மாரியாயி” என்றார். இல்லை. இரண்டாவது, தெரியவில்லை. மூன்றாவது பெண்ணுக்கு நெற்றியில் தழும்பு, அவளைச் சரியாகச் சொன்னார். நாலு, ஐந்து, ஆறு பிழை. பெண்கள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது பெண்ணோடு சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அவருடைய சொந்தத் தங்கை.

பிறகு என் முன்னால் வந்து நின்றார். மூன்று நாள், ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துப் பேசியவர். என் புருவத்தைப் பார்த்தார். காதைப் பார்த்தார். திரும்பப் புருவத்தைப் பார்த்தார். பாவம், உண்மையாகவே முயற்சி செய்தார்.

“பதினாலாம் லயத்துக்குப் புதுசா வந்த மருமகப் பொண்ணா?” என்றார்.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. எழுபது பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள். நடிக்கிறவர் நான் அங்கே நிற்பேன் என்று எதிர்பார்த்திருக்க முடியாது. தன்னைச் சோதிப்பவளிடமே முகத்துக்கு நேராக அப்படிக் கேட்டிருக்கவும் மாட்டார்.

“மருமகளாகிற வயசா கங்காணி எனக்கு?” என்றேன்.

மனிதர் துள்ளிப் பின்வாங்கினார். “ஐயோ, டீச்சரா” என்றார். ஒரே ஒரு வசனம்தான் நான் பேசினேன், அந்தக் கணத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. அந்த முகத்தில் வந்த நிம்மதியை எந்தப் பரிசோதனைப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை. பிறகு அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதார். தங்கை வந்து, “அண்ணே, நான்தான் ஆறாவதா நின்னேன்” என்று தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ரிப்போர்ட்டை முழுதாகத் திரும்ப எழுதினேன். ஸ்கேனும் வந்தது. மூளையின் வலது பின்பக்கம், அடியில், முகங்களை அறிகிற இடத்தில் ஒரு சின்னப் பகுதி செத்துப்போயிருந்தது. அன்று தலை வலித்து விழுந்தது பாரிசவாதம், யாருக்கும் தெரியாமல் வந்து போயிருக்கிறது. சேர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, அழிறப்பரை எடுத்துப் புள்ளியை அழித்தார். “அப்போ எனக்கும் பெரட்டு எப்படி என்று இப்ப தெரியும்” என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்கக்கூடாது.

ஆனால் சரோஜா நம்பவில்லை. பஸ் ஏறி மொனராகலைக்குப் போனேன். அவர் இறப்பர்ப்பால் வாளியைக் கீழே வைக்காமலே பேசினார்.

“போன்ல தேனா பேசுறாரு டீச்சர். நேர்ல பார்த்தா யாரோ மாதிரிப் போறாரு. அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல அவரை அடிக்கிறாங்க, எங்கடா உன் பொண்டாட்டின்னு கேக்குறாங்க. நான் ரெண்டு முழம் தள்ளி நிக்கிறேன். வெக்கத்துல எனக்குப் பேச்சே வரல. அவர் கண்ணு என் மேல பட்டு, அப்படியே நகர்ந்து போச்சு. பெரட்டுல எழுபது பேரைத் தெரியுதாம், என்னைத்தான் தெரியலையாம்.”

“நானும் அப்படித்தாம்மா எழுதினேன். தப்பு” என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வழக்கு நாளில் நான் சாட்சி சொன்னேன். தையற்கடைப் பெண் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் நீதவானிடம், “அவர் பொய் சொல்லல்லன்னு இப்ப விளங்குது. ஆனா நான் பயந்ததும் பொய் இல்ல” என்றாள். முத்துவேல் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அவள் வழக்கை முடித்துக்கொள்ளச் சம்மதித்தாள். அவள் சொன்னதை நான் இன்றும் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறேன்.

வெளியே விறாந்தையில் நீளமான ஒரு மர வாங்கு. முத்துவேல் களைத்துப்போய் அதில் உட்கார்ந்திருந்தார். கையெழுத்து வைக்கப் போன நான் திரும்பி வரும்போது, சரோஜா அங்கே நின்றார். எப்போது வந்தாரோ தெரியாது. கணவருக்கு நேர் முன்னால், இரண்டு முழத் தூரத்தில், வாயைத் திறக்காமல் நின்றார். அது அவருடைய பரிசோதனை. குரல் கொடுத்துவிடலாமா என்று வாய் வரை வந்தது. கொடுக்கவில்லை, அங்கே பரிசோதிக்கிற உரிமை எனக்கில்லை, அவருக்குத்தான்.

முத்துவேல் நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர் ஒருவர் அந்நியப் பெண்ணைப் பார்க்கிற பார்வை. உடனே எழுந்து வாங்கின் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

“உக்காருங்கம்மா. நான் நிக்கிறேன்” என்றார்.

சரோஜா உட்காரவில்லை. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, தினமும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

“காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?”

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. “சரோஜா? நீ எப்பம்மா வந்தே?”

“முன்னாலதாங்க நின்னுக்கிட்டு இருந்தேன்” என்றார் சரோஜா. “அன்னைக்கும்.”